ஜப்பார் சாரின் வாசல் மேஜை

செய்தி வந்தபோது என்னால் அதைப் படிக்க முடியவில்லை. திருச்செங்கோட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரியும்வரை இருங்கள் என்று நாற்காலி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். காலை பதினொரு மணி இருக்கும். சட்டைப் பையில் போன் இரண்டு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் ஒரே புகை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம் போனை நீட்டி, "கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?" என்றேன். அவர் எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தார். "நமது ஜப்பார் சார் இன்று காலை சேலத்தில் காலமாகிவிட்டார். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம்." படித்துவிட்டு, "உங்களுக்கு வேண்டப்பட்டவருங்களா?" என்று கேட்டார்.

என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? "யாரு அனுப்பிச்சிருக்காங்கன்னு பாருங்க. பேரு இருக்குதா, வெறும் நம்பருங்களா?" அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார், நல்லவேளை, எனக்குத் தெரியவில்லை. சாவுச் செய்தி வந்தாலும் அனுப்பியவன் யார் என்று விசாரிக்கிற புத்தி என் புத்தி. இளம்பிள்ளை கவிதா என்று பெயர் இருந்தது. இளம்பிள்ளை ஊரிலிருந்து வந்து நம்மிடம் படித்த பெண். அவளைக் கூப்பிட்டு, உண்மைதானா, யார் சொன்னது, நீ நேரில் பார்த்தாயா என்று மூன்று கேள்வி கேட்ட பிறகுதான் நம்பினேன். அவள் அழுதுகொண்டே மூன்றுக்கும் பதில் சொன்னாள்.

நம் பயிற்சிப் பள்ளியில் ஆங்கிலம் பேசப் படித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அவர் நினைவாகச் சிறு மலர் ஒன்று போடுகிறீர்கள் என்றும், அதில் நான் கட்டாயம் எழுத வேண்டும் என்றும் அதே கவிதாதான் பிறகு கேட்டாள். "நீங்கதானுங்க சார் அவருகூட ரொம்ப வருசம் இருந்தீங்க" என்றாள். இருந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் அவரை விரும்பியவர்கள். நான் அவரைச் சந்தேகப்பட்டவன். அதோடு நிற்கவில்லை. அவருக்கு ஒரு கெடுதலும் செய்தேன். அதைச் செய்தது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாமலே போய்விட்டாரா? அன்று மங்கலான கண்ணோடு சேலம் பஸ்ஸில் போகும்போது என் மனதில் ஓடியது இந்த ஒரு கேள்விதான். துக்கம் அதற்கு அப்புறம்தான் வந்தது. எழுதச் சொல்லிவிட்டீர்கள், ஆகவே இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நம் பள்ளியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேக்கரிக்கு மேலே மாடி, நடுவில் பிளைவுட் தடுப்பு வைத்த இரண்டு வகுப்பறை. ஒரு பக்கம் நான்: இலக்கணம், கடிதம் எழுதுதல், எம்.ஏ. ஆங்கில இலக்கியம், பெயர் பழனிவேல் என்றாலும் எல்லோருக்கும் கிராமர் சார். மறுபக்கம் பேச்சு வகுப்பு. அதற்கு வருகிற ஆசிரியர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காலையில் நிர்வாகி தெய்வானை மேடம் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். ஒல்லியான ஆள், ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. "இவரு ஜப்பார் பாய்ங்க சார். சேலத்துல லாரி புக்கிங் ஆபீஸ்ல ரொம்ப வருசம் இருந்தவரு. இனிமே ஸ்போக்கன் கிளாசு இவருதானுங்க" என்றார் மேடம்.

லாரிக்கு லோடு பிடித்தவருக்கு என்ன ஆங்கிலம் தெரியும் என்பது என் முதல் சந்தேகம். சேலத்தில் தெருவுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி இருக்கும்போது இந்த மனுஷர் எதற்காகத் தினமும் பஸ் ஏறித் திருச்செங்கோட்டுக்கு வருகிறார் என்பது இரண்டாவது சந்தேகம். அங்கே ஏதாவது வம்பு பண்ணிவிட்டு வந்திருப்பார் என்று முடிவுகட்டி, சேலத்தில் இருக்கும் என் மச்சானை விட்டு விசாரிக்கச் சொன்னேன். முதலாளி வண்டிகளை விற்றுவிட்டு ஆபீசை மூடிவிட்டார், மற்றபடி தங்கமான ஆள் என்று பதில் வந்தது. மச்சானுக்கு விசாரிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வகுப்பில் புத்தகம் கிடையாது. கரும்பலகைப் பக்கம் திரும்ப மாட்டார். ஒரு நாள் தடுப்பு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். நாற்காலிகள் எல்லாம் இரண்டிரண்டாக முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டிருந்தன. உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள். ஏதோ கூண்டோடு சண்டை போட்டுக்கொண்டார்கள் என்றே நினைத்தேன். இடைவேளையில் கேட்டதற்குச் சிரித்தார். "எதிர்ல மூஞ்சி இருந்தா கண்ணைப் பாத்து, கையை ஆட்டி ஒப்பேத்திடறாங்க சார். போன்ல மூஞ்சி ஏது? நான் நாக்பூர் ஆபீஸ்காரரோட இருவது வருஷம் சண்டை போட்டேன். இன்னிக்கி வரைக்கும் அவரு கறுப்பா செவப்பான்னு எனக்குத் தெரியாது." இலக்கணம் தெரியாததை மறைக்க இப்படி ஒரு வேடிக்கை காட்டுகிறார் என்று நான் மேடத்திடம் ஜாடையாகச் சொல்லி வைத்தேன். மேடம் காதில் வாங்கவில்லை.

கவிதாவை முதலில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வீட்டில் சேலை நெசவு; பம்பாய்க் கடைகளுக்குச் சரக்கு போகும். பம்பாயிலிருந்து போன் வந்தால் அதைக் கட்டிலில் குப்புறப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறவள் அவள். முதுகோடு முதுகாக இரண்டு மாதம் உட்கார்ந்தாள். ஒரு நாள் மூச்சிரைக்க மாடியேறி வந்து, "சார், கலரு மாத்தி அனுப்பிச்சுட்டோம்னு பாம்பேக்காரரு கத்துனாருங்க. நானும் இங்கிலீஷ்லயே திருப்பிக் கத்திப்போட்டனுங்க" என்றாள். ஜப்பார் சார் கீழே பேக்கரியில் சொல்லி எல்லோருக்கும் பன் வாங்கிக் கொடுத்தார். "தப்பாப் பேசுனா லோடு லேட்டாப் போகும். பேசாம இருந்தா லோடே போகாது" என்று அவர் அடிக்கடி சொன்னதை முதலில் கேட்டது அன்றுதான். எனக்கும் ஒரு பன் வந்தது. அதைக் கொண்டுவந்த கவிதா வெள்ளந்தியாக, "உங்க கிளாசுல எழுதறனுங்க சார், அவரு கிளாசுல பேசறனுங்க" என்றாள். நான் அந்த பன்னைத் தின்னாமல் மேஜை டிராயருக்குள் போட்டேன்.

அவள் சொன்னது எனக்கு ஏன் அப்படிச் சுட்டது என்று சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்கும் தெரியாத விஷயம். எனக்கு ஆங்கிலம் பேச வராது. எழுத வரும், திருத்த வரும், தடித்தடிப் புத்தகமெல்லாம் படிக்க வரும். ஆங்கிலம் தெரிந்த ஓர் ஆள் எதிரில் நின்று ஏதாவது கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கரும்பலகை முன்னால் நின்று நானே கேள்வி கேட்டு நானே பதில் எழுதிப் போட்டதால் இது இருபது வருடம் வெளியே தெரியவில்லை. மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை. தெரிந்தால் அன்றோடு என் வேலை போய்விடும், அந்த வயதில் வேறு எங்கும் போய் நிற்கவும் முடியாது என்ற பயம் எனக்கு நாள் முழுக்க இருந்தது.

ஜப்பார் சாருக்கு அது தெரிய வந்தது ஒரு திங்கட்கிழமை. நம்மூர் ரிக் வண்டிகள் ஆப்பிரிக்காவில் ஆழ்துளைக் கிணறு போடப் போகின்றன அல்லவா? அந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து வண்டி வாங்க வந்த பெண் இன்ஜினியர் ஒருவர், தங்களிடம் வரப்போகும் ஆட்கள் ஆங்கிலம் படிக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். காலையில் பாடம் தொடங்கும் முன்பே மேடம் அவரை நேராக என் வகுப்புக்குக் கூட்டிவந்து, இவர் எங்கள் எம்.ஏ. ஆசிரியர் என்று பெருமையாக அறிமுகம் செய்தார். அந்த அம்மையார் கை கொடுத்து, இங்கே எத்தனை வருடமாகப் பாடம் எடுக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நீங்கள் என்னிடம் முதல் வாரத்திலேயே எழுதிப் பழகியிருப்பீர்கள், அப்படிப்பட்ட கேள்வி. எனக்குப் பதில் தெரியும். வாய் திறக்கவில்லை. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஜப்பார் சார் வந்தார். எப்படி மோப்பம் பிடித்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. சாருக்கு இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருக்கிறது, டாக்டர் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சரளமாகப் புளுகிவிட்டு, அவரே பதிலும் சொல்லி, அந்த அம்மையாரைத் தன் வகுப்புக்கு அழைத்துப்போய்விட்டார். சற்று நேரத்தில் கீழேயிருந்து எனக்குச் சுக்குக் காப்பி வந்தது. அந்தப் புளுகைக் காப்பாற்றுவதற்காக நான் இரண்டு நாள் வாய் திறக்காமல் பலகையில் எழுதியே பாடம் நடத்தினேன். வீட்டுக்குப் போய்த்தான் பேசினேன்.

வேறொருவராக இருந்தால் போய்க் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். நான் என்ன செய்தேன்? இந்த ஆளிடம் என் குடுமி மாட்டிக்கொண்டதே என்று தூக்கம் கெட்டேன். அவர் அதைப் பற்றி என்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேசவில்லை. மேடம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், "தொண்டை எப்படி இருக்கு சார்?" என்று ஒரு வாரம் கேட்டார். புளுகு நிலைக்கட்டும் என்றுதான் கேட்டார். என் காதில் அது மிரட்டலாக விழுந்தது. ஒருவன் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தால், தக்க சமயத்தில் சொல்லத்தான் வைத்திருக்கிறான் என்பது என் கணக்கு. அவர் சொல்வதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

என்னிடம் சரக்கு இருந்தது. அவர் வந்த புதிதில், மழைக்கு பேக்கரி வாசலில் ஒதுங்கி டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னது. "நான் பி.ஏ. ரெண்டாவது வருஷத்தோட நின்னுட்டேன் சார். அத்தா தவறிட்டாங்க, வீட்ல சம்பாதிக்க வேற ஆள் இல்ல. அடுத்த வாரமே லாரி ஆபீஸ்ல உக்காந்துட்டேன். இங்க யாரும் கேக்கல, நானும் சொல்லல. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு." எதற்காக என்னிடம் சொல்கிறார், எதையோ எதிர்பார்க்கிறார் என்று அன்றைக்கே சந்தேகப்பட்டேன். நம் பள்ளி நோட்டீசில் அனுபவம் மிக்க பட்டதாரி ஆசிரியர்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்.

மேடத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். கையெழுத்து தெரியாமலிருக்க நாமக்கல்லுக்குப் போய் ஒரு டி.டி.பி. கடையில் டைப் அடித்து, அங்கேயே தபாலில் போட்டேன். இருபது வருடம் கடிதம் எழுதுவதற்குப் பாடம் நடத்தியவன் எப்படி எழுதுவான்? அனுப்புநர் இடத்தில் ஒரு நலம்விரும்பி. பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய அம்மையீர், பத்தி பிரித்து விஷயம், தங்கள் உண்மையுள்ள, கீழே கையெழுத்துக்கு இரண்டு விரல் இடம். எல்லாம் ஆங்கிலத்தில், ஒரு பிழை கிடையாது. கடைசியில் இடது ஓரத்தில் "என்க்ளோஷர்: நில்" என்றும் போட்டேன். இணைப்பு ஒன்றும் இல்லை என்றால் அதையும் எழுத வேண்டும் என்று நான் எத்தனை பேருக்கு மார்க் குறைத்திருக்கிறேன். கை தானாகப் போட்டுவிட்டது. போட்டதே எனக்கு உறைக்கவில்லை.

மேடம் எங்கள் இருவரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, கடிதத்தை மேஜைமேல் வைத்தார். "ஏனுங்க பாய், இது நெசமுங்களா?" என்றார். ஜப்பார் சார் அதை எடுத்து மேலிருந்து கீழே வரை படித்தார். கடைசி வரியில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது. அப்போதுதான் நான் போட்டது எனக்கு உறைத்தது. இந்த மடத்தனத்தைப் பண்ணிவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. காகிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். "உள்ளதுதான் மேடம். டிகிரி முடிக்கல. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், நானாச் சொல்லாதது தப்புத்தான்" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அவர் வகுப்பு போனது. மாடிப்படி ஆரம்பிக்கிற இடத்தில், கீழே, ஒரு மேஜை போட்டு அவரை அட்மிஷன் பார்க்க உட்கார வைத்தார்கள். புதிதாக வந்த பட்டதாரிப் பெண் ஒருவர் பேச்சு வகுப்பை எடுத்தார். ஜெயித்தவன் நான்தான். ஆனால் அந்த மேஜையைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. மாடிக்குப் போக வேறு வழி கிடையாது. நான் எத்தனை மணிக்கு வருகிறேன், யாரோடு பேசுகிறேன் என்று வேவு பார்க்கத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று உறுதியாக நம்பினேன்.

அந்த மேஜை என்ன ஆயிற்று என்பது உங்களுக்கே தெரியும். மாடியேறுவதற்கு முன் ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் நிறுத்திப் பேசவிட்டுத்தான் மேலே அனுப்புவார். ரிக் வண்டிக்காரர்களிடம் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கேட்பார். நர்சிங் பெண்களிடம் நேற்று டூட்டியில் யார் திட்டினார்கள் என்று கேட்பார். எல்லாம் ஆங்கிலத்தில். பேசி முடித்தவர்கள் போக மாட்டேன் என்று அங்கேயே நிற்பார்கள். வகுப்புக்குத் தாமதமாகிறது என்று நான் மேலேயிருந்து கத்தியிருக்கிறேன். உங்களில் பாதிப் பேர் வாய் திறந்தது மாடியில் இல்லை, மாடிப்படிக்குக் கீழேதான்.

என்னையும் அவர் விடவில்லை. தினமும் காலையில் நான் முதல் படியில் கால் வைக்கும்போது, ஆங்கிலத்தில், "குட் மார்னிங் சார், பஸ்ஸில் இன்றைக்குக் கூட்டமா?" என்பார். சுற்றிலும் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கேட்பார். கேட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்திருப்பார். குத்திக்காட்டுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் மாதம் தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு, பதில் சொல்லாவிட்டால் யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்து, "எஸ்" என்றேன். மறுநாள் ஏன் கூட்டம் என்றார். சந்தை நாள் என்றேன். அதற்கடுத்த நாள், உட்கார இடம் கிடைத்ததா, யார் எழுந்து இடம் கொடுத்தார்கள் என்றார். என் வாயைக் கிளறி எதையோ பிடுங்கப் பார்க்கிறார் என்று ஜாக்கிரதையாக, அளந்து அளந்துதான் பதில் சொல்வேன். இப்படியே இரண்டு வருடம் போனது.

என் மனைவிக்குக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. டாக்டர் வடக்கத்தியவர், தமிழ் ஒரு சொல் தெரியாது. கூட வந்த மச்சான் என்னைத்தான் முன்னால் தள்ளினார். என்ன செய்யப் போகிறீர்கள், எவ்வளவு நேரமாகும், சர்க்கரை இருக்கிறதே, மயக்க மருந்து தாங்குமா என்று எல்லாவற்றையும் கேட்டேன். அவர் சொன்னதில் புரியாததைத் திரும்பக் கேட்டேன். வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போதுதான், இவ்வளவு நேரம் நானா பேசினேன் என்று எனக்கு உறைத்தது. அங்கேயே அழுதுவிட்டேன். மச்சான், ஆபரேஷன் நல்லபடியாக முடியும், பயப்படாதீர்கள் என்று தேற்றினார். அவரிடம் என்னத்தைச் சொல்வது?

ஊர் திரும்பியதும் ஜப்பார் சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நன்றி சொல்லப் போனால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். அதோடு, பழைய நோய் என்னை விடவில்லை. கடுதாசி போட்டது நான் என்று தெரிந்தும் ஒரு மனுஷன் இப்படிச் செய்வானா? செய்ய மாட்டான். ஆகவே அவருக்குத் தெரியாது என்று ஒரு நாள் நினைப்பேன். தெரிந்துதான் செய்கிறார், பெரிதாக எதற்கோ அடி போடுகிறார் என்று மறுநாள் நினைப்பேன். கடைசி வருடம் அவருக்குக் கிட்னி பழுதாகி, வேலையை விட்டுவிட்டு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தார். இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு தடவையும் சொல்லிவிடத்தான் போனேன். தலையணையில் சாய்ந்துகொண்டு அவர் அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே பதிலைச் சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடக்கம் முடிந்து கபர்ஸ்தானிலிருந்து வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கண் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. தெய்வானை மேடம் ஜப்பார் சார் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு, காரில் என்னைக் கூட்டிப்போகக் காத்திருந்தார். திருச்செங்கோடு போகிற வழியில் ஆட்டையாம்பட்டி தாண்டினோம். அப்புறம் அவர் சாதாரணமாக, காய்கறி விலை கேட்கிற மாதிரி கேட்டார்.

"சார், அந்த மொட்டக் கடுதாசி நீங்க எழுதுனதுதானுங்களே?"

நான் கார்க் கதவின் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. மொட்டக் கடுதாசிக்கு அடியில என்க்ளோஷர் நில்லுன்னு எந்த மகராசன் போடுவான்? நம்ம நாமக்கல் ஜில்லாவுல நீங்க ஒருத்தருதானுங்க." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஜப்பாருக்கு..." என்றேன்.

"படிச்சவுடனே தெரிஞ்சுபோச்சுங்க. அன்னைக்குச் சாயங்காலம் ஆபீசுக்கு வந்து உக்காந்தாரு. நானு, 'பாய், உங்களைக் கிளாசுலிருந்து எடுக்காம எனக்கு வழியில்லீங்க, ஆனா அந்த மனுசனை நாளைக்கே ஊட்டுக்கு அனுப்பிப்போடறேன்'னு சொன்னனுங்க. வேண்டாம்னுட்டாரு."

"ஏன்?"

"'எனக்கு வாய் இருக்கு மேடம், எங்க போனாலும் பொழச்சுக்குவேன். அவருக்குப் பேச வராது. இந்த வயசுல அவரு எங்க போய் நிப்பாரு? இங்கயே இருக்கட்டும். எனக்கு அந்த மாடிப்படிகிட்ட ஒரு மேஜையப் போட்டுக் குடுங்க, நான் பாத்துக்கறேன்'னாரு. உங்களுக்கு இங்கிலீஷ் பேச வராதுங்கறதே எனக்கு அப்பத்தானுங்க தெரியும்."

நான் எதற்குப் பயந்து அந்தக் கடிதத்தை எழுதினேனோ அது அன்று சாயங்காலமே நடந்திருக்கிறது. என் ரகசியத்தை அவர் மேடத்திடம் சொல்லித்தான் இருக்கிறார். சொன்னதால்தான் என் வேலை தப்பியிருக்கிறது. அதன் பிறகு எத்தனை காலம் அந்த இரண்டு பேரும் என் எதிரில் ஒன்றும் தெரியாதவர்கள் போல நடமாடினார்கள். ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு இதில் ஒரு துளி சந்தேகம் வரவில்லை பாருங்கள்.

நண்பர்களே, உங்களிடம் அவர் விட்டுப்போனது போல என்னிடமும் ஒன்றை விட்டுப்போயிருக்கிறார். யார் எதிரில் நின்றாலும் இப்போது நான் பேசுகிறேன். ஐம்பது வயதுக்கு மேல் வந்த பேச்சு. அதை எனக்குக் கொடுத்தவர் பெயர் அப்துல் ஜப்பார். அவருடைய வகுப்பைப் பறித்த கடிதத்தை எழுதியவன் நான், பழனிவேல். இந்த ஒன்றைச் சொல்ல அவர் எனக்குத் தினமும் காலையில் இடம் கொடுத்தார். மாடிப்படிக்குக் கீழே, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் கூட்டம் என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.